எட்டாம் மாடியில் தரைத்தளம்

ஜூலையில் மட்டும்தான் அந்த லிஃப்ட் பொய் சொல்லும்.
ஒஸ்த்ராவாவின் பத்து மாடிக் கட்டடம்,
கூரைமேல் எந்திர அறை அடுப்பாய்க் காயும் பிற்பகல்.
ஏழைத் தாண்டியதும்
சிவப்பு எண் பூஜ்யம் என்று காட்டும்.
கதவு திறக்கும்.
எட்டாம் மாடி விளாஸ்தா, கையில் பாதித் தர்பூசணியோடு,
"நான் இன்னும் கிளம்பவே இல்லையா?" என்றாராம்.

மோட்டாரை மாற்றினேன். வடத்தை மாற்றினேன்.
செய்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதம்
முகவரி இல்லையென்று திரும்பி வந்தது.
மிஞ்சியது,
பலகையின் நடுவே நாற்பது கால்களோடு
படுத்திருக்கும் கறுப்புப் பூச்சி.
முதுகிலிருந்த பெயரை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

உதிரிப் பெட்டியில் அதன் உடன்பிறப்புகள் மூன்று.
ஒன்றைப் பலி கொடுத்தேன்.
பள்ளி ஆய்வகத்தில், விடுமுறை நாளில்,
ஒதாகார் அமிலத்தைச் சூடாக்கினான்,
மூச்சு விடாதே என்றான், தானே இருமினான்.
கறுப்பு கரைந்தது.
அடியில், என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு,
எண்ணெய் மிதக்கும் மழைநீர்போல
நிறம் மாறும் சில்லு.

நுண்ணோக்கியில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஒட்டிச் சுவரில் மாட்டியபோது
என் கட்டிலைவிடப் பெரிய ஊர்.

முதல் வாரம் தெருக்கள், வெறும் தெருக்கள்.
பிறகு கண் பழகியது.
ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகள், அவை பதிவகங்கள்:
வீட்டுக்கு ஒரே குடித்தனம்,
ஒன்று, இல்லையேல் பூஜ்யம்.
நடுவே எட்டுத் தடங்கள் ஓடும் பஸ்;
ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதில் பேசலாம்,
மற்றவர்கள் வாய்பொத்திக் கேட்க வேண்டும்.
வடக்கே சல்லடைக்கண் மேடை;
வந்த ஆணையைப் பிரித்துப் படித்து
இந்தக் கதவைத் திற, அதை மூடு என்று
ஆளனுப்பும் இடம்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே தடித்த கம்பி, கடிகாரம்.
அது யோசிப்பதில்லை. தட்டும்.
தட்டிய கணத்தில் எது எப்படி நின்றதோ
அதுவே மெய் என்று பதிவாகும்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

ஏழு, அந்த ஊரின் பேச்சில்,
பூஜ்யம் ஒன்று ஒன்று ஒன்று.
அதோடு ஒன்று கூட்டு.
கடைசி வீட்டு ஒன்று கவிழும்,
மீதி ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளும்.
அதுவும் கவிழும். தள்ளும்.
அதுவும்.
ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரு வாசல் தட்டினால் போதும்.
ஏழுக்கோ மூன்று வாசல்.
சூட்டில் சிலிக்கானுக்குச் சோம்பல்.
மீதி ஒன்று நான்காம் வாசலில் கைவைக்குமுன்
கடிகாரம் தட்டிவிட்டது.
எட்டு எட்டவில்லை.
பதிவானது நான்கு பூஜ்யம்.

சரி, ஆனால் ஏன் அவ்வளவு தாமதம்?
விரலால் சுவரில் தடவிப் போனேன்.
மூன்றாம் வாசலுக்கும் நான்காவதற்கும் நடுவே
நேராய்ப் போயிருக்கலாம் அந்தக் கம்பி,
போகவில்லை. பெரிதாய் வளைந்து சுற்றிப் போகிறது.
வளைவுக்குள்ளே
ஒரு முள்ளம்பன்றி.

முட்களை எண்ணினேன், பதினேழு.
காலடியில் யாருடைய பெயருக்கோ முதலெழுத்துகள்.
முள்ளம்பன்றிக்கு வழிவிட்டுக் கம்பி வளைந்ததா,
வளைந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று
முள்ளம்பன்றி வந்து உட்கார்ந்ததா?
ஒதாகார் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான்.
எனக்குக் கோபம்தான் வந்தது முதலில்.
முப்பது வருஷமாய் இந்த ஊர் ஜனம்
ஒரு முள்ளம்பன்றியைச் சுற்றிக்கொண்டு
மாடியேறுகிறது.

அதை அழிக்க முடியாது.
கடிகாரத்துக்குத் தாளம் கொடுக்கும் படிகத்தைக் கழற்றி
கொஞ்சம் நிதானமான ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன்,
பழைய ரேடியோவிலிருந்து எடுத்தது.
லிஃப்டின் யோசனை இமைப்பில் நூறில் ஒரு பங்கு தாமதம்.
ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட், வெயில் முப்பத்தாறு.
தனியாக ஏறினேன்.
ஐந்து.
ஆறு.
ஏழில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
போ, மெதுவாகவே போ, அது தூங்கட்டும்.

எட்டு.
கதவு திறந்தது.
யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.